முதலை வந்த வயல்

அந்த வயலில் நெல் விளைந்ததை நான் பார்த்ததில்லை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது அது இடுப்பளவு உப்புத்தண்ணீராகக் கிடந்தது. சுனாமியின்போது தரையே கீழே இறங்கிவிட்டது, உள்ளே வந்த கடல் திரும்பிப் போகவில்லை என்றார்கள். மட்டை உதிர்ந்த தென்னைகள் மொட்டையாகத் தண்ணீருக்குள் நின்றன. சௌல்தாரியில் பஸ்ஸை விட்டு இறங்கி, பாக்குத் தோப்புகளுக்கு நடுவே மண்பாதையில் நடந்தால், மேடு முடிகிற இடத்தில் சட்டென்று அந்த வெள்ளம் கண்ணில் படும். எத்தனை முறை போனாலும் அந்த இடத்தில் என் நடை வேகமாகிவிடும்.

நான் போர்ட் பிளேரில் பிறந்தவள். அப்பா ராமநாதபுரத்திலிருந்து அரசாங்க வேலைக்கு வந்தவர். அடுத்த வருஷம் மெயின்லேண்டுக்குத் திரும்பிவிடுவோம் என்று சொல்லிச் சொல்லியே இங்கே ஓய்வு பெற்று, இங்கேயே இறந்தும் போனார். அம்மாவும் நானும் மிச்சம். நிலத்தையும் தொழிலையும் இழந்தவர்களுக்கு வேறு பிழைப்பு ஏற்படுத்தித் தருகிற ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் எனக்கு வேலை. அபர்டீன் பஜாரில் ஒரு துணிக்கடைக்கு மேல் எங்கள் ஆபீஸ். ஆபீஸில் நான் இருந்த நேரம் குறைவு. உட்கார்ந்தால் எனக்கு முட்டி வலிக்கிறது என்று அம்மாவிடம் சொல்வேன். "உனக்கு முட்டி வலிக்கல, புத்தி அலையுது" என்பாள்.

சௌல்தாரிக்கு அப்பால் அந்தக் கிராமத்தில் நாங்கள் எடுத்துக்கொண்ட தொழில் நண்டு. ஓடு கழற்றிப் புது ஓடு போட்ட நண்டு பார்வைக்குப் பெரிதாக இருக்கும், ஆனால் உள்ளே சதை இருக்காது, வெறும் தண்ணீர். வலையில் விழுகிற அந்த மாதிரி நண்டுகளை வியாபாரி வாங்க மாட்டான். அவற்றை மீனவர்களிடம் மலிவாக வாங்கி, மிதக்கும் பெட்டிகளில் ஒன்றுக்கொன்று சண்டை போடாமல் தனித்தனியாக அடைத்து, சில வாரம் கழிவு மீன் போட்டால் சதை பிடித்துவிடும். பிறகு காலைக் கட்டி உயிரோடு விமானத்தில் சென்னைக்குப் போகும். உப்புத்தண்ணீர் நின்ற வயல் இதற்குத் தோதான இடம்.

வயலின் சொந்தக்காரி ஐம்பது வயதை ஒட்டிய ஒரு தமிழ்ப் பெண். ஊரே அவரை அக்கா என்றது, நானும் அப்படியே கூப்பிட்டேன். முதல் நாள் நான் திட்டத்தைச் சொன்னபோது அவர் தண்ணீரைப் பார்த்தபடி கேட்டார்.

"என் வயல்ல நண்டா?"

"நெல்லு இனிமே வராதேக்கா."

"வராதுன்னு எனக்குத் தெரியாதா? கேட்டேன், அவ்வளவுதான்."

மறுவாரமே அக்கம்பக்கத்துப் பெண்களைச் சேர்த்து ஒரு குழு ஆக்கிவிட்டார். தமிழ்ப் பெண்கள் சிலர், வங்காளிகள் சிலர், ராஞ்சிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பெண் ஒருத்தி. அவள்தான் எல்லோரிலும் சின்னவள். கல்யாணமாகி அக்காவின் பக்கத்து வீட்டுக்கு வந்தவள். அக்காவிடம் பேசிப் பேசியே தமிழ் கற்றுக்கொண்டிருந்தாள், பாதித் தமிழ், பாதி இந்தி. தண்ணீரில் இறங்கத் தயங்காதவள் அவள்தான். மீன் வாளியைத் தலையில் வைத்துக்கொண்டு, பெட்டிக்குப் பெட்டி நடந்து தீனி போடுவாள். அவளுடைய செம்பட்டை நாய் பின்னாலேயே நீந்திப் போகும்.

வயலுக்கு அந்தப் பக்கம் கிரீக், கடலோடு சேர்கிற உப்பங்கழி. கிரீக்கில் முதலை உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். வனத்துறையின் எச்சரிக்கைப் பலகைகூட இருந்தது. ஆரம்பத்திலேயே நான் கேட்டேன். "மகர் அந்தப் பக்கம்தான். வரப்பைத் தாண்டி இத்தனை வருஷமா வந்ததில்ல" என்றார்கள். முதலையை இங்கே தமிழர்களும் மகர் என்றுதான் சொல்கிறார்கள். வயலுக்கும் கிரீக்குக்கும் நடுவே ஒரு மண்கரை, அதில் ஓர் உடைப்பு. ஓதம் ஏறும்போது தண்ணீர் அந்த வழியாக உள்ளே வரும், இறங்கும்போது அதே வழியாக வடியும். குப்பை வராமல் இருக்க அங்கே வலை கட்டியிருந்தோம். அது முதலைக்கான வலை அல்ல.

அது நடந்தது ஒரு பிற்பகல். மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நானும் அக்காவும் கரையில் நின்று, அடுத்த முறை எத்தனை நண்டு வாங்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். சின்னவள் இடுப்பளவுத் தண்ணீரில் கடைசி வரிசைப் பெட்டிகளிடம் இருந்தாள். அக்கா ஒரு வார்த்தையின் பாதியில் நின்றார். நான் அவர் முகத்தைத்தான் பார்த்தேன், தண்ணீரைப் பார்க்கவில்லை.

"அடியே, ஏறு! கரை ஏறு! மகர்!"

சின்னவள் திரும்பிப் பார்க்கவில்லை. வாளியை அப்படியே விட்டுவிட்டு, இரண்டு கைகளாலும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்தாள். சேறு காலை இழுக்க, அவள் வந்த வேகம் எனக்கு வேகமாகவே தெரியவில்லை. நான் கரையிலிருந்து இறங்கப் போனேன், அக்கா என் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். அவளுக்குப் பின்னால் நாய் நீந்தி வந்தது. அதற்குப் பின்னால் தண்ணீர் ஓர் இடத்தில் மட்டும் நெளிந்தது. சின்னவள் கரையைப் பிடித்து ஏறியபோது நான் அவள் தோளைப் பற்றினேன். திரும்பிப் பார்த்தபோது நாய் இல்லை. அது குரைக்கக்கூட இல்லை. மிதந்த வாளி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

சின்னவள் கரையில் உட்கார்ந்து சேலை முந்தானையைப் பிழிந்தாள். தண்ணீர் வடிந்த பிறகும் பிழிந்துகொண்டே இருந்தாள். அக்கா அவள் பக்கத்தில் குனிந்து, "எந்திரி, வீட்டுக்குப் போவோம்" என்றார். அவள் நாயைப் பேர் சொல்லி ஒருமுறை கூப்பிட்டாள். பிறகு எழுந்து நடந்தாள்.

அன்று திரும்பிய பஸ்ஸில் எனக்கு இடம் கிடைத்தும் நான் நின்றுகொண்டே வந்தேன். பஜாரில் இறங்கியதும் இயக்குநருக்குப் போன் செய்தேன்.

"வேலைய நிறுத்திட்டேன் சார். யாரும் தண்ணிக்குள்ள இறங்க வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"சரிதான். எத்தனை நாளைக்கு?"

"தெரியல."

"அடுத்த வாரம் மெயின்லேண்டுல இருந்து அவங்க வர்றாங்கம்மா."

அவங்க என்றால் எங்களுக்கு நிதி தருகிறவர்கள். அவர்கள் பார்த்துத் திருப்தியாகப் போனால்தான் அடுத்த வருஷம் வேலை நடக்கும். சௌல்தாரி மட்டும் இல்லை, மற்றத் தீவுகளில் நாங்கள் தொடங்கியிருந்தவையும் அதையே நம்பி இருந்தன. இயக்குநர் கெட்டவர் அல்ல. எங்கள் எல்லோருடைய கவலையையும் அவர் ஒருவர் சுமந்தார்.

"பெட்டிங்க மட்டும் அங்கயே மிதக்கட்டும். கரைமேல நின்னு பாத்துட்டுப் போகட்டும்" என்றார்.

"பெட்டி மிதந்தா அதுக்குத் தீனி போடணும் சார். தீனி போட ஆள் இறங்கணும்."

"சரி. உனக்குச் சரின்னு படுறதைச் செய்" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் ஊரின் கம்யூனிட்டி ஹாலில் குழுவைக் கூட்டினேன். எனக்குச் சரி என்று பட்டது அவர்களுக்குச் சரி என்று படவில்லை. ஒரு நாளைக்கு டிங்கிப் படகு இரவல் வாங்கிப் போய், பெட்டிகளை இழுத்து வந்து நண்டுகளைத் திறந்துவிடலாம் என்றேன். அக்கா எழுந்து நின்றுவிட்டார்.

"திறந்துவிடவா? அரைச்சதை புடிச்சிருக்கு. இன்னும் கொஞ்ச நாள் போனா வித்திரலாம்."

"நேத்து கொஞ்சம் தாமசமாகியிருந்தா என்ன ஆகியிருக்கும்க்கா?"

"என்ன ஆகியிருக்கும்னு எனக்குச் சொல்றியா? நான்தான மகரைப் பாத்தேன்? கடல் உள்ள வந்த நாளா நாங்க அது பக்கத்துலதான் இருக்கோம். நீ சாயங்காலம் பஸ் ஏறிப் போயிருவ."

வங்காளிப் பெண்கள் இருவர் தலையாட்டினார்கள். சின்னவள் சுவர் ஓரமாக உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஏதாவது சொல்வாள் என்று நான் எதிர்பார்த்தேன்.

நான் பிடிவாதமாக நின்றதால் கடைசியில் அக்காவின் கணவர்தான் டிங்கியில் போனார். பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கயிறு கட்டி இழுத்து வந்தார். உடைப்புக்கு வெளியே போய் நண்டுகளைக் கிரீக்கில் கொட்டினார். அக்கா முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார். அன்று யாரும் எனக்கு டீ கொடுக்கவில்லை.

அதன் பிறகு அங்கே போக எனக்கு வேலை எதுவும் இல்லை. ஆனாலும் போனேன். ஓத நேரம் காட்டும் பக்கத்தை என் போனில் எப்போதும் திறந்து வைத்திருந்தேன். அம்மா சாதம் போட்டால், "இப்ப தண்ணி ஏறுற நேரம்" என்று சொல்லிக்கொண்டே சாப்பிடுவேன். யாராவது வீம்புக்கு இறங்கியிருப்பார்களோ என்று தோன்றும். அக்காவுக்குப் போன் போடுவேன். "யாரும் இறங்கல. வை" என்பார். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடியும் விரல் அந்த நம்பருக்கே போகும். "அங்க என்ன, பிள்ளைய விட்டுட்டா வந்துருக்க?" என்று அம்மா கேட்டாள்.

ஒரு காலை சின்னவளின் வீட்டுக்குப் போனேன். கிணற்றடியில் வாளியோடு நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "தீதி, நீ இரைச்சுக் குடு" என்று கயிற்றை நீட்டினாள். என்னை அக்கா என்று இந்தியில்தான் கூப்பிடுவாள். இரைத்துக் கொடுத்தேன்.

"பானி சத்தம் கேட்டா எனக்கு ஹாத் நடுங்குது" என்று கையை விரித்துக் காட்டினாள். "கிணத்துல மகர் எப்படி வரும்? மாலும் இருக்கு, தெரியுது. ஆனாலும் நடுங்குது."

"குழுவை விட்டுரலாம். யாரும் உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அவளுக்குக் கோபம் வந்தது. அவள் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

"ஏன் விடணும்? நண்டு வேலை எனக்கு நல்லா வருது. அக்காவுக்கே கடிபடும், எனக்குக் கடிபடாது. நான் எல்லாம் செய்றேன். பானி உள்ள மட்டும் போக மாட்டேன்."

"இத ஏன் ஹால்ல சொல்லல?"

"நான் போகலன்னா வேற ஒருத்தி போகணும் இல்ல? அத எப்படிச் சொல்றது?"

அதை அப்படியே போய் அக்காவிடம் சொன்னேன். அவர் பாக்கு காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும் வரை காய்களைக் கையால் பரப்பிக்கொண்டே இருந்தார். பிறகு, "அப்ப யாருமே தண்ணிக்குள்ள போகாம நண்டு வளக்க முடியுமான்னு பாக்கணும்" என்றார். அன்று டீ வந்தது.

நிதி தருகிறவர்கள் வந்தார்கள், மூன்று பேர். அதில் ஒரு பெண்மணிதான் பெரியவர் என்று தெரிந்தது, மற்ற இருவரும் அவர் நடந்தால் நடந்தார்கள், நின்றால் நின்றார்கள். வருகிற வழியிலேயே இயக்குநர் என்னிடம், "மழைக்காலம், அதனால தற்காலிகமா நிறுத்தியிருக்கோம்னு சொல்லு, போதும்" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வெறும் தண்ணீரைக் காட்டினோம். கரையில் பெட்டிகள் காய்ந்துகொண்டிருந்தன. "நண்டு எங்கே?" என்று அந்தப் பெண்மணி இந்தியில் கேட்டார். இயக்குநர் வாயெடுப்பதற்குள் அக்கா பதில் சொல்லிவிட்டார். அவருடைய இந்தி எங்கள் தீவு இந்தி, இலக்கணம் பார்க்காத இந்தி. மகர் வந்தது, நாயை எடுத்துக்கொண்டு போனது, இவளை எடுத்துக்கொண்டு போயிருக்கும் என்று சின்னவளைக் காட்டினார். இந்த மேடம் எங்களை நிறுத்திவிட்டாள், நாங்கள் இவளோடு சண்டை போட்டோம் என்று என்னைக் காட்டினார். வந்தவர்கள் மூவரும் கரை விளிம்பிலிருந்து பின்னால் நகர்ந்தார்கள். ஒருவர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டார்.

"அப்படியானால் இந்த இடத்தை விட்டுவிடப் போகிறீர்களா?" என்றார் அந்தப் பெண்மணி.

"விட்டுட்டு எங்க போறது? இது என் வயல்" என்றார் அக்கா. "ஒரு ஜேசிபி குடுங்க."

இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டார். அக்கா நிறுத்தவில்லை. வயலின் மேட்டுப் பக்கத்தைக் கையால் காட்டினார். அங்கே தனியாக ஒரு குளம் வெட்ட வேண்டும். சுற்றிலும் உயரமான கரை. கிரீக்கிலிருந்து ஒரு குழாய், குழாயின் வாயில் இரும்பு வலை. குளத்தின் மேல் பாக்கு மரத்தைப் பிளந்து நடைபாதை போட்டு, பெட்டிகளை மேலிருந்தே கயிற்றால் தூக்க வேண்டும். இறக்க வேண்டும். யாரும் காலை நனைக்கக் கூடாது. இதையெல்லாம் அவர்கள் குழுவாக உட்கார்ந்து யோசித்திருந்தார்கள் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. குழாயை எந்த உயரத்தில் வைப்பது என்பதில் அக்காவுக்கும் அவர் கணவருக்கும் வந்தவர்கள் முன்னாலேயே வாக்குவாதம் வந்தது. சின்னவள் ஒரு குச்சியை எடுத்துச் சேற்றில் கோடு போட்டு இருவரையும் அடக்கினாள்.

திரும்பும்போது ஜீப்பில் என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். ஆபீஸ் படியேறும்போது இயக்குநர் மட்டும், "ஜேசிபின்னு பேர் சொல்லியே கேட்டுட்டாங்க பாரு" என்று சிரித்தார். சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத சிரிப்பு.

ஜேசிபி வர வெகுநாள் ஆனது. நிதி கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாமல் அந்த மழைக்காலம் முழுக்க அலைந்தேன். நடுவில் வனத்துறை ஆட்கள் கிரீக் ஓரம் கூண்டு வைத்து ஒரு முதலையைப் பிடித்தார்கள். ஊரே பார்க்கப் போனது. வாயைக் கட்டி, கண்ணுக்கு மேல் ஈரச்சாக்கைப் போட்டிருந்தார்கள்.

"இதுதானா அது?" என்று அக்காவிடம் கேட்டேன்.

"இருக்கலாம்."

"நீங்கதானே பாத்தீங்க?"

"கண்ணு ரெண்டையும் பாத்தேன். அதுல பேரா எழுதியிருக்கும்?"

சின்னவள் வரவில்லை. பிடித்துவிட்டார்கள் என்று போய்ச் சொன்னபோது, "அச்சா" என்று மட்டும் சொல்லி அரிசி களைவதைத் தொடர்ந்தாள். தன் கையாலேயே கிணற்றில் தண்ணீர் இரைத்திருந்தாள் என்பதை நான் கவனித்தேன்.

மழை ஓய்ந்ததும் பணம் வந்தது, குளம் வெட்டினோம். முதல் முறை கரை ஒரு பக்கம் சரிந்தது. இரண்டாவது முறை குழாய் அடைத்துக்கொண்டது. பாக்கு மரத்துப் பாதையில் எல்லோருக்கும் முன்னால் நான்தான் நடந்து காட்டினேன், வழுக்கி உட்கார்ந்தேன், குழுவே சிரித்தது. அதன்மேல் தேங்காய் நார்க் கயிறு சுற்றினார்கள். பெட்டிகளில் நண்டு இறங்கியது. நான் ஓரிரு நாள் விட்டு ஒரு நாள் போய்க் கரையைச் சுற்றிச் சுற்றி நடப்பேன். ஒரு நாள் அக்கா சொன்னார், "நீ இப்படி நடந்தாலே கரை இறுகிரும். ஆள் வெச்சு மிதிக்க வேண்டியதில்ல."

முதல் நண்டுகளை விற்கப் போன நாளில் என்னை வர வேண்டாம் என்றார்கள். வியாபாரியின் கொட்டகை போர்ட் பிளேரில் ஜங்லிகாட் பக்கம் இருந்தது. அக்காவும் சின்னவளும் ஈரச்சாக்கு போட்ட கூடைகளோடு பஸ்ஸில் வருவதாகத் திட்டம்.

"நான் கூட இருந்தா விலை பேச உதவியா இருக்கும்" என்றேன்.

"நீ வந்தா அவன் உன்கிட்ட பேசுவான், எங்ககிட்ட பேச மாட்டான்" என்றார் அக்கா.

அந்தக் காலை நான் ஆபீஸிலும் இல்லை, வெளியிலும் இல்லை. படியில் ஏறினேன், இறங்கினேன். துணிக்கடைப் பாய், "என்னம்மா, யாரும் ஆஸ்பத்திரியிலயா?" என்று கேட்டு ஒரு ஸ்டூலைப் போட்டார். அதில் உட்காரவில்லை. பஜார் மணிக்கூண்டு வரை போய்த் திரும்பினேன். கடைசியில் போன் வந்தபோது ஆட்டோக்களின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை, ஒரு கடைக்குள் ஒதுங்கினேன்.

சின்னவள்தான் பேசினாள். "தீதி, அவன் எல்லாம் காலி நண்டு, பானி நண்டுன்னு சொன்னான். வாங்க மாட்டேன்னு சொன்னான்."

"ஐயோ. அப்புறம்?"

"அக்கா ஒரு நண்டை எடுத்து அவன் மேஜை மேலயே ஓட்டைப் பேர்த்தாங்க. உள்ள ஃபுல் சதை! அவன் முகத்தைப் பாக்கணும் நீ. பிறகு எல்லாம் எடுத்துக்கிட்டான்." பின்னால் அக்கா ஏதோ சொல்வது கேட்டது. "அக்கா சொல்றாங்க, உடைச்ச நண்டுக்கும் காசு வாங்கிட்டோம்னு."

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டார். எதுவும் வேண்டாதபோதும் ஒரு சோப்பு வாங்கினேன். அவர்களைத் தேடி ஜங்லிகாட்டுக்கு ஓடினேன். நான் போவதற்குள் அவர்கள் பஸ் ஏறிவிட்டிருந்தார்கள்.

அது நடந்து இப்போது இரண்டு மழைக்காலம் போய்விட்டது. குளம் இரண்டாகியிருக்கிறது. சின்னவள் நண்டுக் கணக்கையும் கயிறுகளையும் பார்த்துக்கொள்கிறாள், தண்ணீரில் மட்டும் இன்னமும் இறங்குவதில்லை, யாரும் இறங்கச் சொல்வதும் இல்லை. வேறு நாய் வளர்க்கவில்லை. அக்கா எனக்குப் போன் செய்வதில்லை, நான் செய்தால், "இப்ப நேரமில்ல, அப்புறம் கூப்பிடு" என்கிறார். அவர்களுக்கு என்னால் ஆக வேண்டியது எதுவும் இல்லை. அது சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். சந்தோஷப்பட்டுக்கொண்டு ஓர் இடத்தில் இருக்க எனக்குத் தெரியவில்லை.

போன மாதம், வடக்கே தூரத்தில் உள்ள ரங்கத் பக்கத்திலிருந்து ஆபீஸுக்கு அழைப்பு வந்தது. அங்கே சில விவசாயக் குடும்பங்கள் ஏதோ கூட்டாகச் செய்ய வேண்டும் என்று நினைக்கிறார்கள், என்ன செய்வது என்று தெரியவில்லை என்றார்கள். இயக்குநர் முடிப்பதற்குள் நான் போகிறேன் என்றேன். அம்மா எலுமிச்சைச் சாதம் கட்டிக் கொடுத்தாள், எப்போது திரும்புவாய் என்று கேட்கவில்லை.

விடியுமுன் கிளம்பிய பஸ், பழங்குடிகள் வாழும் காப்புக்காட்டுக்கு முன்னால் கேட்டில் நின்றது. போலீஸ் காவலோடு சேர்ந்து போகும் கான்வாய் கிளம்பும் வரை எல்லா வண்டிகளும் அங்கே வரிசையில் காத்திருக்க வேண்டும். இறங்கி நடந்தேன், டீ குடித்தேன், மறுபடியும் நடந்தேன். கேட் திறக்கப் போகிறார்கள் என்று கண்டக்டர் கத்தியதும் ஏறி உட்கார்ந்தேன். பக்கத்து சீட்டுத் தெலுங்கு அம்மாள் மடியில் கோழிக்குஞ்சுப் பெட்டியை வைத்திருந்தாள். இந்தியில் கேட்டாள், எங்கே போகிறாய் என்று.

"ரங்கத்."

"யார் வீட்டுக்கு?"

"தெரியவில்லை. போய்த்தான் பார்க்க வேண்டும்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு பெட்டியை என் பக்கம் கொஞ்சம் நகர்த்தி, காற்றோட்டத்துக்கு ஜன்னலைத் திறக்கச் சொன்னாள். திறந்தேன். பஸ் நகர்ந்தது.